பிறந்த ஊருக்கு 7 சதவீதம்: கிரீன் கார்டு உச்சவரம்பை மாற்றச் சொல்லி எப்படிப் பேசுவது

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அமெரிக்காவிலிருந்து கோபிசெட்டிபாளையத்துக்கு, அம்மாவுக்குப் போன் செய்வேன். மஞ்சள் விலை, வாய்க்காலில் தண்ணி விட்ட கதை, எந்த ஒரம்பரை வீட்டில் என்ன விசேஷம் என்று எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப் போகும் நேரத்தில் ஒரு கேள்வி வரும். "ஏன் அம்மணி, அந்தக் காயிதம் இந்த வருசமாச்சும் வந்துருமா?" காயிதம் என்றால் கிரீன் கார்டு, அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருப்பதற்கான அனுமதி. 2014ல் வரிசையில் நின்றேன், இன்னும் நிற்கிறேன். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் பல வருஷம் மழுப்பினேன். அப்புறம்தான் புரிந்தது, அம்மாவுக்கே விளக்கத் தெரியாத எனக்கு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து இந்தச் சட்டத்தை மாற்றுங்கள் என்று எப்படிக் கேட்க வரும்?

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், பொள்ளாச்சி என்று நம் பக்கத்திலிருந்து வந்து இதே வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். உங்களுக்காகவும், ஊரில் காத்திருக்கும் உங்கள் அப்பா அம்மாவுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். எட்டு வருஷமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில் எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதைச் சொல்கிறேன்.

முதலில் சட்டத்தை நீங்கள் ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதில் நிற்பவர்களில் பாதிப் பேர் தப்பாகச் சொல்கிறார்கள். வேலை வழியாகக் கொடுக்கும் கிரீன் கார்டு வருஷத்துக்கு 1,40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் இதில் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இது 1990ல் வந்த சட்டம். 1,40,000ல் மேற்படிப்புப் படித்தவர்களுக்கான ஈபி-2 என்ற பிரிவுக்குச் சுமார் 40,000 வரும், அதில் 7 சதவீதம் என்றால் 2,800 சொச்சம். இந்த 2,800ல் வேலைக்காரர் மட்டும் இல்லை, கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாருக்கும் தனித்தனியாக ஒரு எண், அதாவது ஒரு கார்டுக்கான இடம், கழியும். நாலு பேர் கொண்ட குடும்பமாகப் பார்த்தால் வருஷத்துக்கு 700 குடும்பம். இந்தியா முழுக்கச் சேர்த்து 700 குடும்பம். மற்ற நாட்டுக்காரர்கள் எடுக்காமல் மிச்சம் விட்டால் அதிலிருந்து கொஞ்சம் சேரும், சில வருஷம் நன்றாகவே சேர்ந்திருக்கிறது, ஆனால் அதை நம்பி யாரும் கணக்குப் போட முடியாது. அதனால்தான், எந்தத் தேதி வரை வரிசையில் நின்றவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்று அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் 2025 கடைசியில் பார்த்தாலும் ஈபி-2 இந்தியாவுக்கு 2013ஆம் வருஷத்துத் தேதியே நின்றது.

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நாலு லட்சத்துக்கும் கொஞ்சம் கம்மி. திருப்பூர் மாநகராட்சியில் பாதிகூடக் கிடையாது. அந்த நாட்டுக்கும் உச்சவரம்பு 7 சதவீதம், 140 கோடிப் பேர் இருக்கும் நாட்டுக்கும் 7 சதவீதம்.

இதை அம்மாவுக்குக் கீழ்பவானி வாய்க்காலை வைத்துத்தான் விளக்கினேன். பவானிசாகரிலிருந்து வரும் வாய்க்காலில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணி விடுவார்கள். மொத்த ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர், ஒரு முறைக்குப் பாதி. மதகுக்குக் கீழே எத்தனை ஏக்கர் இருக்கிறது என்று பார்த்துத்தான் தண்ணி. "50 ஏக்கர் பாயும் மதகுக்கும் 2,000 ஏக்கர் பாயும் மதகுக்கும் ஒரே அளவுதான் தண்ணி, 50 ஏக்கர்க்காரர் மிச்சம் விட்டால் அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னால் எப்படி இருக்கும்மா?" என்றேன். அம்மா ஒரு நிமிஷம் பேசவில்லை. "கடைமடைக்காரன் காஞ்சுதான் போவான்" என்றார். அவ்வளவுதான், அதற்கப்புறம் அம்மாவே ஒரம்பரைகளுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். உங்கள் வீட்டில் யாராவது கேட்டால் இதையே சொல்லுங்கள்.

ஆனால் அமெரிக்க அலுவலகத்தில் வாய்க்கால் எடுபடாது. அங்கே எது எடுபட்டது என்று சொல்கிறேன்.

முதல் தடவை போனபோது நாற்பது பக்கம் அச்சடித்து ஃபைல் போட்டுக் கொண்டுபோனேன். கிராஃப், அட்டவணை, கட்டுரைகள் எல்லாம் இருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது, உறுப்பினருக்கு உதவியாளர். பதினைந்து நிமிஷம் கொடுத்தார். நான் பன்னிரண்டு நிமிஷம் ஐ-140, ஐ-485 என்று பாரம் எண்களாகவே பேசினேன். அந்தப் பெண் மரியாதையாகத் தலையாட்டினார், ஃபைலை வாங்கி ஓரமாக வைத்தார். வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோதே தெரிந்துவிட்டது, ஒன்றும் உள்ளே போகவில்லை.

இரண்டாவது தடவை ஒரே ஒரு தாள். அதில் இரண்டு பிறப்புச் சான்றிதழ்களின் நகல். ஒன்று என்னுடையது, பிறந்த இடம் கோபிசெட்டிபாளையம். இன்னொன்று சித்தப்பா பையனுடையது, பிறந்த இடம் மஸ்கட். சித்தப்பா அங்கே வேலையில் இருந்தபோது பிறந்தவன், மூணு வயசில் ஊருக்கு வந்துவிட்டான். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பாட்டி கையில் வளர்ந்தோம். கோவையில் ஒரே கல்லூரி, ஒரே படிப்பு. இரண்டு பேருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்தான். இங்கே இரண்டு பேருக்கும் ஒரே ஈபி-2 பிரிவு. நான் 2014ல் வரிசையில் நின்றேன், அவன் எனக்குப் பின்னால் 2015ல் நின்றான். அவனுக்கு 2017ல் கார்டு வந்துவிட்டது, ஏனென்றால் சட்டம் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த இடத்தைப் பார்க்கிறது, அவன் ஓமன் கணக்கில் போனான். இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அந்தப் பெண் இரண்டு சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள் பாட்டி ஒரே ஆள்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

இது மாதிரி ஒன்று உங்கள் குடும்பத்திலும் இருக்கும், தேடுங்கள். வளைகுடாவில், சிங்கப்பூரில், மலேசியாவில் பிறந்த பங்காளி ஒருவர் இல்லாத கொங்கு வீடு குறைவு. அப்படி இல்லையென்றால் உங்களோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த பிரேசில்காரரோ கென்யாக்காரரோ இருப்பார், அவர் சம்மதத்தோடு அவர் தேதியையும் உங்கள் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். தாளில் மேலே இந்த இரண்டு தேதி, கீழே நீங்கள் கேட்கும் மாற்றம் இரண்டே வரி, கடைசியில் உங்கள் பெயரும் நீங்கள் குடியிருக்கும் தெருவும். அந்தத் தெரு முக்கியம். அவர் தொகுதியில் குடியிருப்பவர் என்பதுதான் உங்களை அந்த அறைக்குள் விடுவதற்கே காரணம்.

சரி, யாரைப் பார்ப்பது? அஞ்சல் எண்ணைப் போட்டால் உங்கள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் யார் என்று தெரிந்துவிடும், அவர் ஒருவர், மாநிலத்துக்கு செனட்டர்கள் இரண்டு பேர், ஆக மூன்று அலுவலகம். ஓட்டு இல்லையே என்று தயங்காதீர்கள், தொகுதியில் குடியிருந்தால் போதும், சந்திக்க நேரம் கேட்கலாம். இங்கே எல்லாரும் செய்யும் ஒரு தப்பு, தொகுதி அலுவலகத்தில் போய்ச் சட்டத்தைப் பற்றிப் பேசுவது. அங்கே இருப்பவர்கள் தனி ஆளின் மனு எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்த்துக் கொடுப்பவர்கள், நல்லவர்கள்தான், ஆனால் மசோதா அவர்கள் வேலை இல்லை. "வாஷிங்டனில் குடியேற்றச் சட்டத்தைப் பார்க்கும் உதவியாளரோடு பேச வேண்டும், வீடியோவில் பேசினாலும் சரி" என்று கேட்டு வாங்குங்கள். ஆகஸ்டில் உறுப்பினர்கள் தொகுதிக்கு வருவார்கள், பொதுக்கூட்டம் போடுவார்கள், அங்கே கை தூக்கி ஒரு நிமிஷத்தில் கேட்கவும் ஒரு கேள்வி தயாராக வைத்திருங்கள்.

ஒரு விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை. கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவர்கள் அமெரிக்கத் தேர்தலில் வேட்பாளருக்குப் பணம் கொடுப்பது சட்டப்படி குற்றம். நம் ஊர்ப் பழக்கத்தில் விருந்துக்குக் கூப்பிட்டார்கள், மரியாதைக்கு ஒரு தொகை எழுதிவிடலாம் என்று கை நீளும். நீளவே கூடாது. நேரம் கொடுங்கள், கதை கொடுங்கள், கடிதம் கொடுங்கள். பணம் மட்டும் வேண்டாம்.

உங்களுக்கு ஓட்டு இல்லாத குறையைத் தீர்க்க, ஓட்டு இருக்கும் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். என்னோடு மூன்றாம் தடவை வந்தவர் என் மகளின் பள்ளி ஆசிரியை. அவர் பேசியது மூணு நிமிஷம்தான். இந்தப் பெண் மூணு வயசிலிருந்து இங்கே வளர்கிறாள், 21 வயசு முடிந்தால் அம்மாவின் வரிசையிலிருந்து கழன்றுவிடுவாள், அப்புறம் தனியாக மாணவர் விசா வாங்க வேண்டும் இல்லையென்றால் கிளம்ப வேண்டும், இது எனக்கு இன்றுவரை தெரியாது என்றார். நான் அதே விஷயத்தை ஏழு தடவை சொல்லியிருக்கிறேன். ஓட்டுப் போடுகிறவர் வாயிலிருந்து வந்ததும் அதற்கு வேறு கனம். மருத்துவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் நோயாளிகளே உங்கள் பலம், சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவராக இருந்தால் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்குங்கள்.

ஒரே ஒருவர் கதை ஓர் உறுப்பினரை எவ்வளவு தூரம் நகர்த்தும் என்பதற்கு வேதனையான ஒரு சாட்சி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் கன்சாஸ் மாநிலம் ஒலாத்தேயில் ஐதராபாத்துக்காரர் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லாவை இனவெறியில் ஒருவன் சுட்டுக் கொன்றான். அவர் வரிசையில் நின்றவர். அவர் போனதோடு மனைவி சுனயனா துமாலாவுக்கு அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விட்டது. இறுதிச் சடங்குக்கு இந்தியா போன சுனயனா திரும்பி வர அந்தத் தொகுதி உறுப்பினர் கெவின் யோடர் உதவினார், அதோடு நிற்காமல் நாட்டுவாரி உச்சவரம்பை நீக்கும் மசோதாவையே கையில் எடுத்து நடத்தினார்.

இப்போது என்ன கேட்பது என்பதற்கு வருகிறேன், இதில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். "எங்களுக்கு உதவுங்கள்" என்று கேட்டால் "கட்டாயம்" என்று கை குலுக்கி அனுப்பிவிடுவார்கள். பிரதிநிதிகள் சபையில் இந்த மாற்றம் 2011ல் 389க்கு 15 என்ற கணக்கில் நிறைவேறியது. 2019ல் 365க்கு 65. செனட் 2020 டிசம்பரில் தன் பங்குக்கு வேறு வாசகத்தோடு ஒன்றை நிறைவேற்றியது, இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்த அவையின் காலமே முடிந்துவிட்டது. 2022 டிசம்பரில் ஓட்டெடுப்புக்கு வருவதாக இருந்து கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். ஆக, ஆதரவு இல்லாமல் இது நிற்கவில்லை, யாரும் கடைசி வரை தள்ளாமல் நிற்கிறது. அதனால் உங்கள் கேள்வி இப்படி இருக்கட்டும்: மசோதாவில் உடன் கையெழுத்திடுவீர்களா? இந்த மசோதாவை முதலில் பரிசீலிக்கும் நீதிக் குழுவின் தலைவரிடம் இதை எடுக்கச் சொல்லிப் பேசுவீர்களா? ஆமாம் இல்லை என்று பதில் வரும் கேள்வியாகக் கேளுங்கள், தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் மூன்று மாற்றம் கேட்க வேண்டும். நாட்டுவாரி 7 சதவீதத்தை எடுத்துவிட்டு முதலில் வந்தவருக்கு முதலில். கணவன், மனைவி, பிள்ளைகளை 1,40,000 கணக்கில் கழிக்காமல் இருப்பது. வருஷக் கடைசியில் வீணாகும் எண்களை அடுத்த வருஷத்துக்குச் சேர்ப்பது. 2021 நிதியாண்டில் மட்டும் அறுபத்தாறாயிரத்துக்கு மேல் எண்கள் பயன்படாமல் காலாவதியாகிவிட்டன, அதைச் சொன்னால் எந்தக் கட்சிக்காரரும் நிமிர்ந்து உட்காருகிறார்.

எதிர்வாதம் வரும். வர வேண்டும், அது நியாயமான வாதமும்கூட. "உச்சவரம்பை எடுத்தால் பல வருஷத்துக்கு எல்லா எண்ணும் இந்தியர்களுக்கே போகும், பிலிப்பைன்ஸ் நர்சும் நைஜீரியா பொறியாளரும் காத்திருக்க வேண்டி வரும்" என்பார்கள். இல்லை என்று மறுக்காதீர்கள், மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் உச்சவரம்பை மட்டும் எடுத்தால் அவர்கள் காத்திருப்பு கூடத்தான் செய்யும். உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டு, அதற்காகத்தான் குடும்பத்தினரைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றும் கேட்கிறோம், 2019 மசோதாவிலேயே சில வருஷத்துக்கு மற்ற நாட்டவருக்கு ஒரு பங்கை ஒதுக்கிப் படிப்படியாக மாற்றும் ஏற்பாடு இருந்தது என்று சொல்லுங்கள். நம் வாய்க்காலிலும் முறையை மாற்றும்போது ஏற்கெனவே நாற்று விட்டவனைக் காயப் போடுவதில்லை.

"பல நாட்டு மக்களும் கலந்து வரட்டும் என்பதற்குத்தானே உச்சவரம்பு" என்று இன்னொரு வாதம். அதற்கு எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவைக் காட்டுங்கள். அந்த விசாவை உருவாக்கியதும் இதே 1990 சட்டம்தான், அதில் நாட்டுவாரி வரம்பே கிடையாது, ஒப்புதல் கிடைப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள். வேலைக்குக் கூப்பிடும்போது பிறந்த ஊரைப் பார்க்காத சட்டம், இருபது வருஷம் வரி கட்டிவிட்டு இங்கேயே இருக்கிறேன் என்று கேட்கும்போது பிறந்த ஊரைப் பார்க்கிறது. நான் பேசியதில் எதிரே இருப்பவரை யோசிக்க வைத்தது இந்த ஒரு வாக்கியம்தான், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வரலாறு தெரிந்தவர் உட்கார்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். 1924 சட்டம் 1890ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பை வைத்து, ஒவ்வொரு நாட்டில் பிறந்தவரும் அப்போது எத்தனை பேர் இருந்தார்களோ அதில் 2 சதவீதம் என்று நிர்ணயித்தது, ஆசியர்களுக்குக் கிட்டத்தட்டக் கதவையே சாத்தியது. 1946ல் இந்தியாவுக்கென்று வருஷத்துக்கு 100 பேர் என்று திறந்தார்கள். 1965ல் லிண்டன் ஜான்சன் சுதந்திர தேவி சிலைக்குக் கீழே உட்கார்ந்து அந்தப் பழைய நாட்டுவாரிக் கணக்கை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதன் மிச்சமாக நாட்டுக்கு நாடு ஓர் உச்சவரம்பு மட்டும் தங்கிவிட்டது. 1965ல் ஆரம்பித்ததை முடித்து வையுங்கள் என்று கேட்கலாம், அது அவர்கள் நாட்டின் பெருமையைத் தொட்டுப் பேசுவது.

சொல்லக்கூடாதவையும் உண்டு. நாங்கள் சட்டப்படி வந்தவர்கள், அவர்கள் எல்லை தாண்டி வந்தவர்கள் என்று இன்னொரு கூட்டத்தைக் கீழே தள்ளிப் பேசாதீர்கள், அது தப்பு, அதோடு அவர்களுக்காக உழைக்கும் உறுப்பினர்களின் ஓட்டும் நமக்கு வேண்டும். இந்தியர்கள் அறிவாளிகள் என்ற பேச்சும் வேண்டாம். 150 வருஷம் காத்திருக்க வேண்டும் என்று எங்கேயோ வந்த எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள், எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் தேதி, விசா புல்லட்டினில் இன்றைய தேதி, இரண்டுக்கும் நடுவே உள்ள வருஷங்கள் போதும்.

கோபமே வரக்கூடாது என்று சொல்லவில்லை. 2007 ஜூலையில் எல்லாரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்துவிட்டு, ஊரிலிருந்து மனைவி மக்களை அவசரமாக வரவழைத்து மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடித்து நின்றவர்களிடம் இரண்டாம் தேதி எண்கள் தீர்ந்துவிட்டன என்றார்கள். அன்றைக்கு நம் ஆட்கள் குடியேற்றத் துறைத் தலைவருக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்து அனுப்பினார்கள். அவர் அவற்றைக் காயம்பட்ட சிப்பாய்கள் இருந்த ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார், செய்தி நாடெங்கும் போனது. 17ஆம் தேதி முடிவை மாற்றி விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டார்கள். காந்தி பிறந்த நாட்டுக்காரர்களின் கோபம் அப்படி.

ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பையன், பெண் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், பெயரும் பிறந்த இடமும் சரியாக இருக்கிறதா என்று. நம் பக்கம் பழைய சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இருக்காது, பெயர் சேர்த்து இப்போதே வாங்கி வையுங்கள். அப்புறம் ஒரு கடிதம், உங்கள் கையெழுத்தில், தமிழிலேயே. என் அம்மா எழுதினார். அப்பா இறந்த வாரம் விசா முத்திரைக்குத் தேதி கிடைக்காமல், போனால் திரும்பி வர முடியுமோ என்ற பயத்தில் நான் இங்கேயே இருந்ததை எழுதியிருந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மகளின் இடத்தில் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று ஒரு வரி. அதை மொழிபெயர்த்து இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். செனட்டர் அலுவலகத்தில் தமிழ் எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்கள்.

சந்தித்துவிட்டு வந்த இரண்டு நாளுக்குள் நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள், கேட்ட கேள்வியைத் திரும்ப எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். உதவியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், புது ஆள் வந்தால் முதலிலிருந்து சொல்ல வேண்டும், சலிக்காமல் சொல்லுங்கள். ஒற்றைப்படை வருஷம் ஜனவரியில் புது நாடாளுமன்றம் கூடும்போது நிறைவேறாத மசோதா எல்லாம் செத்துவிடும், புது எண்ணில் புதிதாகக் கொண்டுவர வேண்டும். என் தாளில் அந்த எண் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு ஐம்பது பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.